பால் பொங்கிய நேரத்தில் ஒரு முற்றுகை

என் தம்பிக்குப் பூட்டுத் திறக்கிற வேலை. சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், சாவி கையிலேயே இருந்தும் பூட்டு முறைத்துக்கொண்டு நிற்கிறது என்பவர்கள், எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை ஒரு கதவைக்கூட அவன் உடைத்ததில்லை. "உடைக்கறதுக்கு சுத்தியல் போதும்க்கா, நான் எதுக்கு?" என்பான். பொறுமையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அவன் இருப்பது எங்கள் வீட்டு மாடி அறையில். கீழே நானும் என் வீட்டுக்காரரும். அவருக்குப் பல் செட் செய்கிற வேலை. ஒரு பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் பிடுங்கிவிட்டு மறுபடி வைப்பார். அப்படி ஒரு சுத்தம்.

இரண்டு பேரும் கைப்பேசியில் ஒரே விளையாட்டைத்தான் விளையாடுகிறார்கள். பழங்காலத்துப் போர் விளையாட்டு. மதில் கட்டலாம், அகழி வெட்டலாம், படை திரட்டிக்கொண்டு போய் அடுத்தவர் நகரத்தை வளைத்துப் பிடிக்கலாம். வீட்டுக்காரரின் நகரத்தை அதுவரை யாரும் பிடித்ததில்லை. மதிலையும் அவர் பல் வரிசை மாதிரியே கட்டி வைத்திருந்தார். ஒரு சந்து கிடையாது.

இந்த மதிலில் ஒரு நாயின் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

தம்பியின் கடைக்கு எதிரே ஓர் அச்சகம். அதை மூடிவிட்டு முதலாளி மகளோடு போய் இருக்கப்போகிறார். காவல் நாயை அங்கே கொண்டுபோக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் நகராட்சி வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் பெரிய நாய். தம்பி சாவியை அரத்தால் ராவுகிற சத்தம் கேட்டால் போதும், தெருவைக் கடந்து வந்து அவன் காலடியில் படுத்துக்கொள்ளும்.

"மாமா, மாடியிலயே வச்சுக்கறேன். கீழ ஒரு முடிகூட வராது" என்று தம்பி கெஞ்சினான்.

"முடிக்கு மாடி எது கீழ் எதுன்னு தெரியுமா? முடியாதுன்னா முடியாது."

"ஒரு வழியும் இல்லையா?"

"இருக்கே. என் கோட்டையப் புடி. ஞாயித்துக்கிழமைக்குள்ள புடிச்சிட்டன்னா, நாய நானே வந்து கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

முதலில் அவன் நகரத்தைச் சுற்றி வளைத்து, தானியம் போகிற பாதைகளை எல்லாம் அடைத்தான். பட்டினி போட்டால் கதவு தானாகத் திறக்கும் என்பது அவன் கணக்கு. வீட்டுக்காரர் களஞ்சியத்தை நிரப்பி வைத்திருந்தார். அது போதாதென்று, பிஸ்கட் பாக்கெட்டோடு மாடிப்படி வரை போய் நின்று, "கோட்டைக்குள்ள பஞ்சமே இல்ல மாப்ள!" என்று சத்தமாக மென்று காட்டினார். மறுநாள் வீட்டில் ஒரு பிஸ்கட்டும் இல்லை. தம்பி எல்லாவற்றையும் கடைக்கு எடுத்துப்போய் நாய்க்குப் போட்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தாக்குதல். வீட்டுக்காரர் முன்னறையில் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி சமையலறையில் நின்றான். அங்கேதான் சார்ஜர் எட்டும். கைப்பேசியை மேடையில் வைத்து, கூட விளையாடுகிறவர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் அவனோடு இருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னொருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், ஆனால் பிள்ளைகள் கத்திக் கத்திக் காது கொஞ்சம் மந்தம்.

திட்டம் இதுதான். ஆற்றின் மேல்பக்கம் ஓர் அணை கட்டித் தண்ணீரை நிறுத்துவது. அகழி வற்றியதும் அதன் அடியில் சுரங்கம் தோண்டி, மதிலின் அஸ்திவாரத்தைக் குடைந்து சாய்ப்பது. ஆட்கள் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்வரை அணை நிற்க வேண்டும். அதற்குக் காவல் டிரைவர் அண்ணன். நர்ஸ் ஏணிகளோடு மதில்மேல் ஏறுகிற மாதிரி பாவனை காட்ட வேண்டும்.

"பாலப் பாத்துக்கோடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நான் கொல்லைப்புறம் துணி காயப்போடப் போனேன். ஜன்னல் திறந்தே இருந்ததால் பேச்செல்லாம் கேட்டது.

"தம்பி, ஏணி எட்டலப்பா" என்றார் நர்ஸ். "ஒரு ஆள் உசரம் குறையுது."

"அளந்து செய்யலையாம்மா?"

"ஊசியா இருந்தா அளந்திருப்பேன். ஏணிய யாரு அளக்கறா?"

"சரி, ஏறுற மாதிரி சும்மா நடிங்க. சுரங்கம் மதிலுக்கு அடியில போயிடுச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

அவன் கண் கைப்பேசியை விட்டு நகரவில்லை. பின்னால் பால் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பில் வழிந்து, அடுப்பெல்லாம் புகைந்தது. நான் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முந்தி வீட்டுக்காரருக்கு வாசனை போய்விட்டது. கைப்பேசியும் கையுமாக வந்து, சமையலறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"பால் பொங்குது! உடனே அணை! உடனே அணை!"

தம்பி பதறிப்போய் அடுப்பை அணைத்தான். கைப்பேசியிலிருந்து டிரைவர் அண்ணனின் குரல் கணீரென்று வந்தது.

"உடைச்சிட்டேன் தம்பி!"

"என்னத்தண்ணே உடைச்சீங்க?"

"நீங்கதான உடை அணை, உடை அணைன்னு கத்துனீங்க? குரலு கொஞ்சம் மாறியிருந்துச்சு. அவசரம் போலன்னு நெனச்சேன்."

ஆற்றுத் தண்ணீர் மொத்தமும் அகழிக்கு வந்து சுரங்கத்துக்குள் புகுந்தது. தம்பியின் படையில் முக்கால்வாசி அங்கேயே மூழ்கிப்போனது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு கதவைக்கூட உடைக்காமல் வாழ்ந்த பிள்ளை, கடைசியில் சொந்தப் படையை மூழ்கடித்துவிட்டு நின்றான். வீட்டுக்காரர் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

ஆடி முடிக்கவில்லை. ஏற்கெனவே பாதி குடைந்திருந்த அஸ்திவாரத்தில் தண்ணீர் ஏறவும், பல் வரிசை மதில் நடுவில் ஆட்டம் கண்டு, முன்பல் விழுகிற மாதிரி பொத்தென்று விழுந்தது.

"தம்பி, எனக்கு முன்னாடி சுவரே இல்லப்பா!" என்றார் நர்ஸ். "ஏணிய என்ன பண்ணட்டும்?"

"கீழ போடுங்கம்மா! நடந்தே போங்க!"

நர்ஸின் ஆட்கள் சாவகாசமாக உள்ளே நடந்து போய் அரண்மனையில் கொடியை நட்டார்கள்.

"செல்லாது!" என்றார் வீட்டுக்காரர். "நான் அணைக்கச் சொன்னது அடுப்ப!"

"கத்துனது யாரு?" என்றேன் நான்.

"நான்தான். அதுக்காக?"

"மாமா, அவ்ளோ பெரிய கோட்டையில சாத்தாம விட்ட ஒரே வாயில் உங்க வாய்தான்" என்றான் தம்பி. சண்டையெல்லாம் மறந்துபோய் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செருப்பை மாட்டினார்.

நாய் எங்கள் தெரு வரை ஒழுங்காக நடந்து வந்தது. வாசலுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து வாசலிலேயே உட்கார்த்தி வைத்த காவல் நாய். வீட்டுக்குள் போகலாம் என்பது அதற்குத் தெரியவில்லை. தம்பி கூப்பிட்டான், கொஞ்சினான், கயிற்றை இழுத்தான். நான் பால் காட்டினேன். அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தள்ளு" என்றார் வீட்டுக்காரர். குனிந்து, நாயின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். அது அவர் காதை நக்கியது. வெள்ளைச் சட்டை முழுக்க மண்.

"மாமா, தோத்தவங்கதான் தூக்கிட்டுப் போகணும்னு ஒண்ணும் பேசிக்கலையே" என்றான் தம்பி.

"பேசாதடா. பின்னங்காலப் புடி, வழுக்குது."