அறுபது வீதம் அவவுக்கு

பட்ஜெட் நாளில் நான் நிதியமைச்சர் ஆகிவிடுவேன். வருடத்தில் அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். லண்டன் டூட்டிங்கில் எங்கள் சாப்பாட்டுக் கடை மூலையில் ஒரு டிவி இருக்கிறது. அதில் உண்மையான நிதியமைச்சர் பேசப் பேச, நான் கல்லாவில் நின்று, ஆட்டிறைச்சி ரோல் வாங்க வருகிற சனத்துக்கு விளக்கம் சொல்லுவேன். எனக்கு விளங்கியதா என்பது வேறு கதை. ஒருமுறை ஒரு பெரியவர் என் விளக்கத்தைக் கேட்டு வெலவெலத்துப்போய், வாங்கின ரோலில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

"வாற சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். "நீங்கள் வாயைத் திறந்தா யாவாரம் விழுது."

அந்த வருடம் நானே பயந்துபோனேன். கொம்பனி லாபத்தைப் பங்குக்காரர் எடுக்கும்போது கட்டுகிற வரி கூடப்போகிறது என்றார்கள். எங்கள் கடையும் ஒரு கொம்பனிதான். பங்கு முழுவதும் என் பேரில். கடையில் நான் செய்கிற வேலை என்னவென்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பகலில் எனக்கு ரயில் நிலையத்தில் உத்தியோகம், மாதச் சம்பளம். மா குழைப்பது, கறி வைப்பது, சாமான் எடுப்பது, ஆள் பார்ப்பது எல்லாம் மனைவி. நான் முதலாளி.

ஈஸ்ட் ஹாமில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில், எங்கள் கணக்காளர் இருக்கிறார். மதுரைப் பக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே தேத்தண்ணி சொல்லிவிடுவார்.

"சிம்பிள் சார். உங்களுக்கு ஏற்கனவே சம்பளம் இருக்கு, மேல வர்றதுக்கெல்லாம் வரி ஜாஸ்தி. மேடத்துக்குப் பெரிசா வருமானம் இல்ல. பங்குல அறுபது பர்சென்ட் அவங்களுக்குக் குடுத்துருங்க. புருஷன் பொண்டாட்டிக்குக் குடுத்தா அதுக்குத் தனியா வரி கிடையாது."

அரசாங்கம் பெண்சாதியிடம் அன்பு காட்டச் சலுகை தருகிறதென்றால் விடலாமா? நான் பல்லைக் காட்டினேன்.

"ஒண்ணு சார்," என்றார் அவர். "பேருக்குக் குடுக்கக் கூடாது. நெசமாவே குடுக்கணும். லாபம் அவங்க அக்கவுண்டுக்குப் போகணும், கம்பெனி முடிவுல ஓட்டும் அவங்களோடது."

"ஓம் ஓம்," என்றேன். அதற்குள் வடை வந்துவிட்டது.

மனைவி மாக் கையைத் துடைத்துவிட்டுப் பங்குக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டா.

"இதால எனக்கு என்ன வரும்?"

"ஒண்டும் வராது. வரி குறையும்."

"பிறகேன் இந்தச் சிரிப்புச் சிரிக்கிறியள்?"

சித்திரையில் புது வரி வருடம் பிறந்தது. வரியில் கொஞ்சம் மிஞ்சியது உண்மைதான். ஆனால் மற்றப் பக்கத்தால் எல்லாம் ஏறியது. சட்டம் சொல்லுகிற ஆகக் குறைந்த சம்பளம் கூடியது. கவுன்சிலுக்குக் கட்டுகிற கடைவரி கூடியது. முதலாளிமார் கட்டுகிற காப்புறுதி வரியை முந்தியே ஏற்றியிருந்தார்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அதில் ஒரு விலக்கு இருந்ததால் தப்பினோம். எங்களுக்குச் சாமான் போடுகிற பெரிய வியாபாரி தப்பவில்லை. அவர் தன் வரியைத் தூக்கி எங்கள் மா மூட்டையிலும் கோழியிலும் வைத்துவிட்டார். நான் அதைத் தூக்கி ரோலின் மேல் வைக்கவேண்டியதுதான் நியாயம். ஆனால் விலை கூட்டினால் சனம் என்ன சொல்லும் என்று எனக்குப் பயம். டிவிக்கு முன்னால் நான் சிங்கம். விலைப் பலகைக்கு முன்னால் பூனை.

அதனால் நான் வேறொரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கொத்து ரொட்டிக்காரத் தம்பியின் வேலையில் இரண்டு நாளை வெட்டுவது.

தம்பி என்றாலும் நாற்பது தாண்டின ஆள். பேச்சுக் குறைவு, கை வேகம். பிந்திக் கலியாணம் கட்டினவர். மனைவி மூன்று வருடமாய்ச் சாவகச்சேரியில் காத்திருக்கிறா. அவவை இங்கே கூப்பிடுவதென்றால் இவருக்கு இவ்வளவு வருமானம் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேல் ஆறு மாதம் தொடர்ந்து சம்பளம் எடுத்துக் காட்டவேண்டும். அதற்காகவே கிழமையில் ஆறு நாள் நின்றார். நாலு மாதம் முடிந்திருந்தது. ஒரு மாதம் குறைந்தாலும் பழையபடி முதலாம் மாதம்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் மனைவியிடம் போனேன், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு. அவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தம்பி கொத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரும்புத் தட்டில் டக டக டக டக.

"இஞ்சாரும், தம்பிக்குத் திங்கள் செவ்வாயை நிப்பாட்டுவம். ஒரு மூண்டு மாதத்துக்குத்தான்."

அவ நிமிரவில்லை. "அந்த மூண்டு மாதம் அங்க இருக்கிற அவற்ற மனுசிக்கு ஒரு வருசம்."

"எனக்கு விளங்குதப்பா. ஆனா யாவாரம் எண்டா—"

"எனக்கு எத்தினை வீதம்?"

"என்னது?"

"பங்கு. கடையில எனக்கு எத்தினை?"

"அது... வரிக்காக..."

"எத்தினை?"

"அறுபது."

"உங்களுக்கு?"

நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் நாற்பதுதான் வந்தது.

"நான் ஏலாது எண்டுறன்," என்றா அவ. "கூட்டம் முடிஞ்சுது."

இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவ எனக்கு மாறாய்ச் சொன்னது இது முதல் தரமில்லை. நாளுக்கு நாலு தரம் சொல்லுவா. ஆனால் அதுவரை அவ சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு என் பாட்டில் நடக்கலாம். இப்போது லண்டன் சட்டமே அவவின் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தது.

"சரி, அப்ப காசுக்கு என்ன வழி? அறுபது வீதம் சொல்லட்டும்."

"ரோலுக்கு விலை கூட்டுங்கோ. வாயில்லாட்டி நான் எழுதி ஒட்டுறன். பாத்திரம் கழுவுற பெடியன் படிப்பு முடிஞ்சு போறான், அந்த இடத்துக்கு ஆள் வேண்டாம், பின்னேரத்தில நீங்கள் நில்லுங்கோ. அதோட அந்த விளம்பரத்தை நிப்பாட்டுங்கோ."

அது வேண்டாம் என்று என் முகம் கெஞ்சியிருக்கவேண்டும். தமிழ் டிவியில் இரவுச் செய்திக்கு முன்னால் வருகிற விளம்பரம் அது. பட்டு வேட்டி கட்டி, ஆட்டிறைச்சி ரோலைக் கடித்து, கண்ணை மூடித் தலையாட்டுகிற நடிகர் நான்தான்.

"அது முதலீடப்பா!"

"அதைப் பாத்திட்டு எத்தினை பேர் வந்தவை?"

"வந்திருப்பினம்..."

"ஒராள் வந்தவர். விளம்பரத்தில நீங்கள் போடுற சத்தத்தைக் குறைக்கச் சொல்லி."

அப்போதுதான் கவனித்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மனைவியின் கண்ணில் தண்ணீர், வெங்காயத்தால் இருக்கலாம்.

"தம்பி!" என்று கூப்பிட்டா. "கொத்து அடிப்பிடிக்குது, என்ன யோசினை?"

"ஓம் அக்கா," என்றது ஒரு சின்னக் குரல். பிறகு டக டக டக டக. முந்தினதைவிட இரண்டு மடங்கு வேகம். பாவம் அந்த ரொட்டி.

விலை கூட்டினதுக்குச் சனம் ஒரு கிழமை முணுமுணுத்தது, ரோலைத் தின்றுகொண்டே. நான் பின்னேரங்களில் தாச்சிச் சட்டி தேய்த்தேன். "மற்றப் பக்கத்தையும் தேயுங்கோ" என்று பெரிய பங்குக்காரி வந்து பார்த்துவிட்டுப் போவா. தம்பி என்னிடம் ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு கடை பூட்டும்போது எனக்கென்று ஒரு கொத்துப் பொட்டலம் கட்டி வைத்திருப்பார், முட்டை கூடப் போட்டு. வேலை நாளை வெட்டப் பார்த்தவனுக்கு முட்டை! அதைத் தின்பது தாச்சி தேய்ப்பதைவிடக் கஷ்டமாய் இருந்தது. தின்றேன்.

ஆறு மாதமும் முடிந்து, விசாவும் கிடைத்து, ஒரு காலைப்பொழுதில் நாங்கள் மூன்று பேரும் ஹீத்ரோவில் நின்றோம். தம்பி புதுக் கோட்டுப் போட்டிருந்தார். விலைச் சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார். நான் சொல்ல வாய் திறக்க, மனைவி என் கையில் கிள்ளினா. அவவே பின்னால் போய் மெல்லப் பிய்த்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டா.

கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அவரின் மனைவி வந்தா, தள்ளுவண்டி நிறையப் பெட்டியோடு, குளிருக்கு ஆகாத ஒரு மெல்லிய சால்வையோடு. தம்பி கிட்டப் போனார். கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மூன்று வருடம் போனில் கதைத்த ஆள்.

"பிளேனில சாப்பாடு தந்தவங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். உப்பில்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு தள்ளுவண்டியை அவரும் பிடித்தார், அவவும் விடவில்லை. இரண்டு பேர் தள்ளினால் அது நேராகப் போகுமா? இடமும் வலமுமாய் இழுபட்டுப் போனது. எதிரில் வந்த சனமெல்லாம் விலகி வழி விட்டது.