ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்த மூன்று பாட்டுகள்

அது 2006 கோடை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுகளைப் பதிவு செய்கிற பைத்தியம் அப்போது தலைக்கேறியிருந்தது. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கியிருந்தேன். மைக்கை அந்தச் சின்னப் பெட்டியில் செருகினால் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகும். ஹெட்போனையும் அதிலேயே மாட்டிக் கேட்கலாம். அது வந்த நாளிலிருந்து வீட்டில் நான்தான் சவுண்ட் இன்ஜினியர்.

எங்கள் அண்ணி பள்ளிக்கூட டீச்சர். சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல் அவர்தான். அவருக்குத் தைராய்டு கட்டி வந்து, வேலூரில் ஆபரேஷன் என்று முடிவானது. குரல் மாறிப்போகக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அண்ணி அழவில்லை. "தம்பி, பாப்பா தூங்கறதுக்குப் பாடுற மூணு பாட்டை மட்டும் பதிஞ்சு வெச்சிடுங்க" என்றார். பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாள் மதியம்தான் நேரம் கிடைத்தது. நான் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. அந்த வெயிலில் ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், குக்கரை இறக்கச் சொன்னேன், இருமிய அப்பாவை வாசலுக்கு அனுப்பினேன். சேலை நனைய வியர்த்தபடி அண்ணி பாடினார். ஹெட்போனில் அவர் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. திரையிலும் அலைக்கோடுகள் எழும்பி எழும்பி அடங்கின. மூன்றாவது பாட்டு முடியவும் வாசலில் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. ஒருதரம் போட்டுக் காட்டச் சொன்னார் அண்ணி. சூப்பராக வந்திருக்கிறது, நேரமாகிறது, கிளம்புங்கள் என்று விரட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஆபரேஷன். லீவு போட்டிருந்தேன். கிளம்பும் முன் கேட்போமே என்று பதிவைப் போட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல ஒரு குரல், அதன்மேல் ஓயாத இரைச்சல், நடுநடுவே என் செருமல். ஹெட்போனில் நான் கேட்டது பெட்டியிலிருந்து நேராக என் காதுக்கு வந்த குரல். கம்ப்யூட்டரிலோ பழைய மைக்கையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். துபாயில் இருக்கும் தோஸ்த்தோடு பேச வாங்கிய அந்த மைக், சிபியூவின் மேல் குப்புறக் கிடந்தது. வீட்டு ஃபேனை நிறுத்திய புத்திசாலி, கம்ப்யூட்டர் ஃபேனின் இரைச்சலைத்தான் பிரமாதமாகப் பதிவு செய்திருந்தேன்.

வேலூர் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியும் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா ஆனாலும் அவ குரல் நம்மகிட்ட இருக்குடா. அது போதும்."

அன்றைக்கு ஜெபம் பண்ணியதுபோல நான் அதற்கு முன் பண்ணியதில்லை. குரல் போய்விட்டால் அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அண்ணியின் கழுத்தில் கட்டு. என்னைப் பார்த்ததும் மெதுவாக, கரகரத்துக் கேட்டார்.

"பாட்டு நல்லா வந்துச்சா தம்பி?"

அது அண்ணியின் குரல்தான். குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கரகரப்பு சில நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அண்ணி சிரிக்கப் பார்த்து, வலியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, திரும்பப் பாடினா போச்சு. ஆனா இந்த வாட்டி ஃபேன் ஓடணும்."

மூன்று மாதம் கழித்து, ஃபேன் ஓட ஓட, அதே மூன்று பாட்டையும் பாடினார். மடியில் பாப்பா உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அவர் கேட்காமலே போட்டுக் காட்டினேன்.

இன்றும் என் வீட்டில் யார் பாடினாலும், அவர்கள் கேட்டுப் பார்க்காமல் எழுந்திருக்க விடமாட்டேன். அந்தக் கிணற்றுப் பதிவையும் நான் அழிக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் கேட்பேன், அண்ணியின் குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததில் என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்பது ஞாபகம் வரும்.