டெலக்ஸ் மெஷினுக்குத் தைத்த சட்டை

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் டெலக்ஸ் ஆபரேட்டர். வெளியூர்ச் செய்திகளைத் தானே தட்டெழுதித் தரும் மெஷின் அது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஆணிகூட உதிர்ந்துவிடும் என்பதால், தையல்காரரான என் கணவர் அதற்குக் கெட்டித் துணியில் ஓர் உறை தைத்துத் தந்தார். எழுத்துக் கட்டைகளும் காகிதமும் மட்டும் வெளியே தெரியும்; மற்றபடி சட்டை போட்டதுபோல் கச்சிதம்.

அதன்பிறகு மெஷின் பாதிச் செய்தியில் நின்றுவிடும். சற்று நேரத்தில் யாரும் தொடாமலே ஓடும். ஒருநாள் கப்பல் வரும் நேரத்தைச் சொல்லும் வரியிலேயே நின்றுவிட்டது. உப்பு லாரிகள் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன.

"ஏம்மா, இதுக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றார் மேனேஜர் அண்ணாச்சி.

மெக்கானிக் வந்து உறையைக் கழற்றிச் சோதித்தார். நன்றாக ஓடியது. அவர் போனதும் அக்கறையாக உறையை மாட்டினேன். மறுபடி நின்றது! பின்பக்கம் இழுத்துவிடப் போன என் கை சுட்டது. மோட்டார் சூடு வெளியேற வழியில்லாமல் நின்று, ஆறியதும் ஓடியிருக்கிறது.

கணவர் மனம் நோகுமே என்று தயங்கித்தான் வீட்டில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏளா, சித்திரை வெயில்ல கம்பளி போத்துனா மயக்கம் வராதா? கொண்டா இங்கன."

உறையைப் பிரித்துத் தைத்துத் தன் தையல் மெஷினுக்கே மாட்டிக்கொண்டார்.

"இது நான் மிதிச்சாத்தான் ஓடும். மயங்குனா நான்தான் மயங்கணும்."

இப்போதெல்லாம் எந்த மெஷின் நின்றாலும் முதலில் அதன் முதுகைத் தொட்டுப் பார்க்கிறேன். வெயில் காலத்தில், மெஷின் மிதிப்பவரின் முதுகையும்தான்.