கேட்டில் கொடுத்த பென்டிரைவ்

ஒரகடம் பக்கம் சில வருடம் ஷிப்ட் பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். கம்பெனி கேட்டைக் கண்டதும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். கேமரா போன், பென்டிரைவ் எதுவும் உள்ளே கூடாது. செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற யாராவது யோசிப்பார்களா?

பிள்ளைப்பாக்கத்தில் என்னோடு அறையில் இருந்தவன் தூத்துக்குடிக்காரன். அவன் வேலை பார்த்த பேக்டரியை மூடிவிட்டார்கள். வெறுங்கையோடு ஊர்போய்ச் சேர அவனுக்கு மனமில்லை. அலைந்து அலைந்து ஒரு சின்னக் கம்பெனி மேனேஜரைப் பிடித்தான். அந்த மகராசன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, "இதுல லினக்ஸ் போட்டு எங்க புரொடக்ஷன் லைன்ல ஓட்டிக் காட்டு, வேலை உனக்குத்தான்" என்றார்.

அறையில் இருவருமாக பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஜம்மென்று எழுந்தது. பென்டிரைவ் பின்னால் சொருகியபடியே இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் கம்பெனி போனிலிருந்து கூப்பிட்டான்.

"மாப்ள, எந்திரிக்க மாட்டேங்கு. பூட் பண்ண ஒண்ணுமில்லன்னு வருது."

கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன். பூட் ஆகும் வரிசையில் ஹார்ட் டிஸ்கை முதலில் வைக்கச் சொன்னேன்.

"டிஸ்க் தெரியுதா?"

"நல்லா தெரியுதுல."

தெரிகிற டிஸ்க் ஏன் எழவில்லை? எனக்கு மண்டை காய்ந்தது. அவனுக்குப் பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது: "போதும், விடுப்பா."

கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவன் பாக்கெட்டிலிருந்து பென்டிரைவை எடுத்துப் பாயில் போட்டான்.

"இத எப்ப எடுத்த?"

"காலைலதான். கேட்ல குடுக்கணும்லா."

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பூட் லோடர் ஹார்ட் டிஸ்கில் ஏறாமல் பென்டிரைவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கி செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய் நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறான்.

விடிந்ததும் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு அவனோடு நானும் ஓடினேன்.

"அஞ்சே நிமிஷம்ணே, இதச் சொருகிக் காட்டிட்டு வந்துருதோம்" என்று கெஞ்சினான்.

செக்யூரிட்டி பாவமாகப் பார்த்தார். "இன்னாத்த சொருகுவ? நீ போனதுமே வேற ஒர்த்தன் வந்து விண்டோஸ் போட்டுட்டான்பா. வேலைக்கும் அவனையே வச்சிக்கினாங்கோ."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மெயின் ரோடு வரைக்கும் நடந்தோம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்போ நாம போட்டது சரியாத்தாம்ல இருந்திருக்கு?" என்றான்.

"சரியாத்தான் இருந்துச்சு. பென்டிரைவ் மட்டும் கூட இருந்திருக்கணும்."

பேக்டரியை மூடியபோதுகூட அழாதவன் அங்கேயே ரோட்டோரத்தில் குந்தி அழுதான்.