காத்திருப்புப் பட்டியலில் நாலாவது

டிப்போவில் அவளை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறாள். பக்கக் கண்ணாடியைக்கூட எதிலும் உரசியதில்லை. கூட இருந்த டிரைவர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. பிறகு டியூட்டி போடுகிற சூப்பர்வைசர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. அப்படிப்பட்டவள், மகளுக்கு ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்ற செய்தி வந்த காலையில், கடைசி ஸ்டாப்பில் போனைத் திறந்து படித்துக்கொண்டே கைபிரேக் போட மறந்தாள். பஸ் ஒரு முழம் முன்னால் நகர்ந்தபிறகுதான் பிரேக்கை மிதித்தாள். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

செய்தி இரண்டே வரி. மகளுக்குக் கல்வி அலுவலகத்தில் பாலத்தடிப் பள்ளியை ஒதுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அவள் வரிசைப்படுத்தி எழுதிய மூன்று பள்ளிகளில் அது இல்லை. முதலாவதாக எழுதியது மேட்டுப் பள்ளி. அவள் பஸ் தினமும் ஆறு தடவை அதன் வாசலில் நிற்கிறது.

அடுத்த டிரிப்புக்கு ஏழு நிமிஷம் இருந்தது. அதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"எங்களுக்கு மேட்டுப் பள்ளி கிடைச்சிடுச்சு. உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. இல்லையாம்."

"இப்ப என்னடி பண்றது?" என்றாள்.

"தெரியலக்கா. பஸ்ஸை எடுக்கணும்."

அக்கா மகளும் இவள் மகளும் பதினோரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அக்கா மகளை வீட்டில் வாயாடி என்பார்கள். இவள் மகள் பிறக்கும்போதே சின்னதாக இருந்ததால் பொட்டு. பொட்டுக்குப் பேச்சு திக்கும். வார்த்தை தொண்டையில் வந்து நின்றுகொள்ளும், முகம் சிவக்கும், எதிரில் இருப்பவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். குறிப்பாக அவளுடைய சொந்தப் பெயர்தான் பெரிய தொல்லை. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். சின்ன வகுப்பிலிருந்து பக்கத்து இருக்கையில் வாயாடி இருந்தாள். பொட்டு மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் வாயாடி மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். ஆசிரியர்களும் அதற்குப் பழகிப்போனார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்குப் போவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

ஆனால் மேட்டுப் பள்ளி தூரத்தை அளந்துதான் இடம் கொடுக்கிறது. அக்கா வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. இவர்கள் வீடு ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். போன வருஷம் இவர்கள் தெருவரைக்கும் இடம் வந்தது. இந்த வருஷம் முந்நூறு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் செய்தியைச் சொன்னபோது பொட்டு அழவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கழுவினாள். அதை ஏன் அந்த நேரத்தில் கழுவினாள் என்று யாரும் கேட்கவில்லை.

குழாய் வேலை பார்க்கிற கணவர்தான் கொதித்தார். "மேல்முறையீடு பண்ணலாம்ல? பண்ணு. எழுது. நல்லா அழுத்தமா எழுது."

மேட்டுப் பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் பொட்டு நாலாவது. மேல்முறையீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. நிதானம் டியூட்டி முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் எழுதியது, வீடு தூரம் என்றாலும் தினமும் பஸ்ஸில் கொண்டுவிட முடியும் என்பது. கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா யாருக்கு மனசு இரங்கும்?" என்றார். மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை எழுதியபோது கை தானாகவே போனது. என் மகளால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. அவளுடைய வாய் அவளுடைய பெரியம்மா மகள்தான். பிரித்துவிட்டால் இந்தப் பிள்ளை ஊமையாகிவிடும்.

கணவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதான்," என்றார். அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது பொட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தக் கடிதத்தின் நகல்.

"இதை நீ... நீதான் எழுதினியா?"

"ஆமா கண்ணு. இடம் கிடைக்கணும்ல, அதுக்காக."

பொட்டு வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. நிதானம் வழக்கம்போல முந்திக்கொண்டு, "கோபமா இருக்கா?" என்றாள். மகள் கையை நீட்டித் தடுத்தாள். காத்திருக்க வேண்டியிருந்தது. நிதானத்துக்கு அது ஒரு நீளமான சிவப்பு சிக்னல் மாதிரி இருந்தது.

"ஊ... ஊமைன்னு எழுதியிருக்கே."

சொல்லிவிட்டு எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை, ஓசையில்லாமல் சாத்தினாள். அதுதான் தாயை அதிகம் கலக்கியது.

மறுநாள் விசாரணை கல்வி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாகக் கத்தரித்திருந்த ஒரு அம்மாள். ஓரத்தில் மேட்டுப் பள்ளியிலிருந்து வந்த அதிகாரி. ஒவ்வொரு வகுப்பிலும் முப்பத்திரண்டு பேர், ஒரு நாற்காலி கூடப் போட இடமில்லை என்று அவர் தாளைப் பார்த்துப் படித்தார். நிதானம் யூனிபார்மோடு வந்திருந்தாள்; பத்து நாற்பதுக்கு வண்டி எடுக்க வேண்டும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நடுவிலிருந்த அம்மாள் கடிதத்தை எடுத்தார். "தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. இது இந்த வழக்குல முக்கியமான விஷயம். உண்மையிலேயே முடியாதா?"

அறை முழுக்க அவளையே பார்த்தது. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். கணவரின் முழங்கால் ஆட்டம் நின்றது. நிதானம் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தாள். நேற்று மேஜையில் மகள் நீட்டிய கை கண்ணில் நின்றது.

"சொல்லுவா," என்றாள். "நேரமாகும். எதிர்ல இருக்கிறவங்க காத்திருந்தா சொல்லிடுவா."

"அப்ப இந்த வரி?"

"அது நான் பயந்து எழுதினது."

அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளெல்லாம் சம்பிரதாயத்துக்குக் கேட்ட மாதிரிதான் இருந்தன. தெருவுக்கு வந்தபிறகு கணவர் சொன்னார்: "கையில வந்ததை நீயே தட்டிவிட்டுட்டே."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீ எழுதினதைத்தானே திருப்பிச் சொல்லச் சொன்னாங்க."

டிப்போவுக்கு ஓடினாள். ஆறு நாள் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. பட்டியலில் பெயர் இருக்கும், இடம் காலியானால் கூப்பிடுவோம் என்று கடைசி வரியில் இருந்தது.

பள்ளி திறந்தது. வாயாடி மேட்டுப் பள்ளியின் பச்சைச் சட்டையில் தன் வீட்டு வாசலில் நின்று எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பொட்டு அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினாள். அவளுக்குச் சாம்பல் நிறச் சட்டை. பாலத்தடிப் பள்ளி ஆற்றோரம், ரயில் பாலத்துக்கு அடியில். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுத் தொடர்வார்களாம்.

முதல் நாள் முழுக்க நிதானம் ஒவ்வொரு கடைசி ஸ்டாப்பிலும் போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சாயங்காலம் மகள் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

தோளைக் குலுக்கினாள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் துணி துவைக்க எடுத்தபோது சட்டைக் கைப்பகுதி கடிபட்டு நைந்திருந்தது. இரண்டு கையும். நிதானம் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலேயே நின்றாள். ஒரு வார்த்தை, ஆமாம் என்ற ஒரே வார்த்தை, அதைச் சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். அப்புறம் பல தடவை நினைத்தாள். மேட்டுப் பள்ளி ஸ்டாப்பில் பச்சைச் சட்டைகள் ஏறும்போது முகம் பார்க்காமல் பஸ் கார்டு தட்டுகிற மிஷினையே பார்த்துக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் கடைவீதிக்குப் போக வாயாடி ஏறி, "சித்தி" என்றாள். அவளையும் நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடிக்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

ஏழாவது வாரம், காலை இரண்டாவது டிரிப் முடிந்து போனைத் திறந்தால், தவறிய அழைப்பு ஒன்று. திருப்பிக் கூப்பிட்டாள். மேட்டுப் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஒரு குடும்பம் வீடு மாறிப் போகிறது, முன்னால் இருந்த மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள், இடம் உங்களுக்கு. நாளை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் யாருடைய வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ படுத்துக்கொண்டிருந்தார். "சரின்னு சொல்லு. இப்பவே சொல்லிடு," என்றார். "அவகிட்ட என்ன கேக்கறது? இதுக்குத்தானே இவ்வளவும்."

"கேக்காம எழுதித்தான் ஒரு தடவை மாட்டிக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். மீதி நாலு டிரிப்பும் அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மணி அடித்தும் ஒரு ஸ்டாப்பைத் தாண்டிவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. இறங்கிய பெரியவர் முறைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மகளிடம் சொன்னாள். பொட்டு கேட்டுக்கொண்டாள். "வாயாடிக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"நாளைக்கிக் காலைல என் முடிவைச் சொல்றேன்."

காலையில் தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். "வேணாம்."

ஹாலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "ஏம்மா?"

பொட்டு ஆரம்பித்தாள், நின்றாள். நிதானம் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இங்க எட்டு டீச்சர். எட்டுப் பேர்கிட்டயும் பே... பேரைச் சொல்லி முடிச்சாச்சு. ரெண்டு வாரம் ஆச்சு அதுக்கு. அங்க போனா ம... மறுபடியும் முதல்லேருந்து எட்டுப் பேரு." சீப்பை வைத்தாள். "என்னால முடியாது."

"வாயாடி சொல்லிடுவால்ல உனக்குப் பதிலா," என்றார் அப்பா.

"அதான் வேணாம்," என்றாள் பொட்டு.

கணவர் அன்றைக்கு டீயைக் குடிக்காமலே கிளம்பினார். அக்காவிடம் சொன்னபோது, "நாங்க உங்களுக்காக அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல எத்தனை தடவை போய் நின்னோம்," என்று குறைப்பட்டுக்கொண்டாள். ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. வாயாடி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு பொட்டுவின் அறையில் வழக்கம்போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மேட்டுப் பள்ளியில் அவளுக்கும் பக்கத்து இருக்கையில் பேச ஆள் கிடைக்கவில்லையாம்.

சரியான முடிவுதானா என்று நிதானத்துக்கு இன்றுவரைக்கும் தெரியாது. சட்டைக் கை இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை கடிபட்டு ஈரமாகத்தான் வருகிறது. கடிதத்தைப் பற்றித் தாயும் மகளும் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் பஸ் கழுவுகிற இடத்தில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். பிறகு, இதைப் போனில் கேட்கக் கூடாது என்று வைத்துவிட்டாள்.

பருவத்தின் முடிவில் பெற்றோர் கூட்டம். டியூட்டியை மாற்றிக்கொண்டு போனாள். கணக்கு ஆசிரியர் ஏட்டைத் திருப்பினார். "பின்னத்துல ரொம்ப வீக். வீட்டுப்பாடம் நாலு தடவை வரல. அதோட, பின் பெஞ்சுல இவ சிரிப்புச் சத்தம் அதிகம்." பேச்சு திக்குவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிதானம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பின்னத்துக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டாள். மேலே ரயில் போனது. அது போய் முடியும்வரைக்கும் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.