நாலு பிளக்கும் நன்றாகத்தான் ஒலித்தன

கத்தியின் பிடியால் பீங்கானைத் தட்டினால் 'ணங்' என்று ஒரு சத்தம் வருமே, மார்கழி என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம்தான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை நம்பியிருந்த எங்கள் தெருவில், கப்போ ஜாடியோ 'பியூஸ் கட்டை'யோ எது கைக்கு வந்தாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். 'ணங்' என்றால் நல்ல சரக்கு, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். விருந்துக்குப் போன வீட்டிலும் கப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்த புண்ணியவான்கள் எங்கள் தெருவில் உண்டு. 'கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது' என்பது அப்பாவின் வேதவாக்கு. அதை அவர் காரிடமும் கொண்டுபோனதில்தான் வந்தது வினை.

அப்பா சின்னதாக ஒரு பட்டறை வைத்து பியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவரிடமிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி வந்தார். சரக்கு மாதிரிகளை எடுத்துப் போக என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் பாதி நாள் அதில் போனது தெருக் கல்யாணங்களின் மாப்பிள்ளைகளும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி ஏறிக்கொண்ட நானும்தான். முன் சீட்டில் உட்கார்ந்ததும் என் துணிப்பையை எதிரே நீட்டிக்கொண்டிருந்த ஒரு குமிழில் மாட்டிவிடுவேன். "அது ஆணி இல்லடி, சோக்கு" என்று அப்பா பையை எடுத்து என் மடியில் போடுவார். மறுநாள் அவர் பார்க்காத நேரத்தில் பை மறுபடி குமிழுக்கே போய்விடும்.

அந்த வருஷம் மார்கழிப் பனி இறங்கியதும் காருக்கு ஒரு சீக்கு வந்தது. காலையில் சாவி போட்டால் இருமி இருமிக் கிளம்பும், ஒரு நிமிஷம் நடுங்கும், அப்படியே அணைந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்காது. காலை எடுத்தால் போச்சு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் கூடித் தள்ளிவிடுவார்கள். களிமண் குவித்திருந்த முனைவரை போய் அங்கே ஒருமுறை நிற்கும். அந்த முனைக்குத் தெருவே 'காரு ஸ்டாப்பு' என்று பெயர் வைத்துவிட்டது. வெயில் ஏறி இன்ஜின் சூடானபின் பார்த்தால், நானா அப்படிச் செய்தேன் என்பது போலச் சமர்த்தாக ஓடும்.

காரில் பெட்ரோல் பற்றிக்கொள்வது பிளக்கின் பொறியில், பிளக்கின் கழுத்தோ வெள்ளைப் பீங்கான். அப்பாவுக்கு அதற்குமேல் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் விடிகாலையில் நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, கத்திப் பிடியால் தட்டுவார். சூளையில் வேலை பார்த்த சித்தப்பா கண்ணை மூடிக் காதைச் சாய்த்துக்கொண்டு, மூன்றாவது கொஞ்சம் மட்டமாகக் கேட்கிறது என்பார். உடனே புது பிளக்கு வரும். அதுவும் இரண்டு நாளில் மட்டமாகக் கேட்கும். பிளக்குகள் பெருகினவே தவிர, கார் காரு ஸ்டாப்பில்தான் நின்றது. கடைத்தெரு மெக்கானிக் ஒருவர், காலை எடுத்தாலும் இன்ஜினை ஓட வைக்கிற 'ஐட்லிங்' திருகை ஏற்றிவிட்டார். காலையில் நின்றதற்கு ஈடாகக் கார் மத்தியானம் தேரடியில் மிதிக்காமலே உறுமி, கடைக்காரர்களிடம் அப்பாவுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தது. திருகை அப்பா பழையபடி இறக்கிவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அக்காவுக்குக் கடலூரிலிருந்து தபால் வந்தது. நர்ஸ் படிப்புக்கு நேர்முகம், காலை ஒன்பது மணிக்கு. தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் வெளியூர் போய்ப் படித்ததில்லை. அக்கா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். அம்மா ஒரே பேச்சாக, விடிகாலை பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்றாள். அதற்கு அடுத்த பஸ்ஸில் போனால் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியாது.

"வூட்டுல காரு இருக்குது, எம் பொண்ணு பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போவணுமா?" என்றார் அப்பா.

அம்மா அடுப்பில் இருந்த சட்டியை 'ணங்'கென்று மூடினாள்.

அன்றைக்கென்று பனி எதிர்வீட்டையே மறைத்தது. அக்கா நீலக் கரைச் சேலையில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கார் கிளம்பியது, அணைந்தது. மறுபடியும் கிளம்பி மறுபடியும் அணைந்தது. அப்பா பிளக்கைக் கழற்றித் தட்ட, சித்தப்பா காதைச் சாய்க்க, நாலும் கோயில் மணி மாதிரி 'ணங் ணங்' என்றன. மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டை எடுத்து பானெட்டுக்குள் குனிந்தாள். சுற்றி நின்ற ஆண்களை எல்லாம் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நீ உள்ள போயி அந்தக் குமிழ இழு."

இழுத்தேன்.

"இழுடி."

"இழுத்துட்டேன்க்கா."

"அப்பா, இங்க பாருங்க. அவ இழுக்கறா, இங்க ஒண்ணுமே அசையல."

குமிழிலிருந்து வரும் கம்பி, கார்புரேட்டர் ஓரத்தில் ஒரு குட்டி நெம்புகோலைப் பிடித்து இழுக்க வேண்டும். அது அசைந்தால் காற்று போகும் வாய் மூடி, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாகக் கிடைக்கும். அந்தக் கம்பி திருகிலிருந்து நழுவிச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அப்பா தினமும் சோக்கை இழுத்ததாக நினைத்துக்கொண்டு வெறும் குமிழைத்தான் இழுத்திருக்கிறார். பிளக்கைத் தட்டிய அதே கத்தியை வாங்கி, அதன் முனையால் அக்காவே திருகை இறுக்கினாள். அப்பா சாவியைப் போட்டார். கார் நின்று நிதானமாக உறுமியது. காலை எடுத்தும் அணையவில்லை. சித்தப்பா, தன் காதில் அன்றைக்குச் சளி என்றார்.

"கம்பி எப்பிடி நழுவுச்சு?" என்று கேட்டார் அப்பா.

டிபன் டப்பாவும் புத்தகமுமாக என் பை தினமும் அந்தக் குமிழை இழுத்த இழுப்பு எனக்குத்தானே தெரியும். "ஆடி ஆடி லூசாயிருக்கும்பா, நேரமாவுது, எடுங்க" என்றாள் அக்கா. நான் மெல்ல இறங்கி அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காரு ஸ்டாப்பில் அன்றைக்குக் கார் நிற்கவில்லை. கடலூரில் அக்காவின் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்து, நர்ஸுக்கு வருகிற பெண் இப்படியா என்று கேட்டார்களாம். நடந்ததை அப்படியே சொன்னாளாம். இடம் கிடைத்துவிட்டது. ஆண்கள் அத்தனை பேரை விட்டு அக்கா என்னை நம்பிக் கூப்பிட்டாளே என்ற பெருமையில் நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. பை விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காரும் இல்லை, அப்பாவும் இல்லை. களிமண் குவித்த முனையில் இப்போது செல்போன் கடை. என் மகனின் காரில் சோக் குமிழே கிடையாது. மார்கழியானாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகிறது. போன மாதம் அதில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் நகத்தை ஒட்ட வெட்டும் பழக்கம் அவளுக்குப் போகவில்லை. டீ கொண்டுவந்தாள். கப்பை நான் தட்டிப் பார்க்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, ஐம்பது வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தேன்.

"தெரியும்டி" என்றாள். "முன் சீட்டுல குந்தியிருந்தப்ப பாத்தேன். உம் பையோட பச்ச நூலு அந்தக் குமிழ்ல சுத்திக்கெடந்துச்சு. அதப் பாத்துதான் எனக்குக் கம்பி ஞாபகமே வந்துச்சு. விடிஞ்சா அப்பா கண்ணுலயும் படும். நீ இழுத்தா நூலு உங் கையோட வந்துடும்னுதான் உன்னையக் கூப்புட்டேன்."