நைனா தூங்குறாரு

போன வாரம் வங்கியில் ஒரு வேலை. கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "சார், கொஞ்சம் சத்தமா பேசுங்களேன். ஏன் ரகசியம் பேசுறீங்க?" என்றார். பின்னால் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கொள்ளையடிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்களோ?

என் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. காரணம் என் நைனா!

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டியில், தண்டவாளத்தை ஒட்டி எங்கள் வீடு. நைனாவுக்கு எண்ணூர் பக்கம் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிஃப்ட் என்றால் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார் — அதுவும் ரிட்டயர் ஆகும்வரை! "பகல்ல ஊட்ல இருந்தாதான் புள்ளைங்க மூஞ்சிய பாக்க முடியும்" என்பார்.

பார்த்தாரா? காலையில் வந்ததும் அக்காவுக்குத் தலை பின்னிவிடுவார். எனக்கு நாஷ்டா ஊட்டுவார். அதோடு சரி. பாயில் விழுந்தால் சாயங்காலம்தான். மிச்ச நேரமெல்லாம் அவர் மூஞ்சியை நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்ஸ் வண்டி வீட்டையே குலுக்கிவிட்டுப் போகும். மனிதர் அசைய மாட்டார். ஆனால் ஒரு கரண்டி கீழே விழட்டும்... "இன்னா சத்தம் அங்க?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். என்ன காதோ!

அம்மா சட்டம் போட்டாள். துணி துவைப்பது, தாளிப்பது எல்லாம் அவர் படுப்பதற்கு முன்னால். அடிதடியே நடந்தாலும் குசுகுசுவென்றுதான் நடக்க வேண்டும். "நைனா தூங்குறாரு!" எங்கள் வாசலில் பால்காரர்கூட சைக்கிள் மணி அடிக்க மாட்டார். இந்த மரியாதை எந்த மந்திரிக்குக் கிடைத்தது?

ரிட்டயர் ஆன பிறகாவது மாறினாரா? ம்ஹூம். பகலெல்லாம் குறட்டை, ராத்திரியெல்லாம் வாசலில் பீடி. தெருவுக்குச் சம்பளமில்லாத கூர்க்கா கிடைத்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், அந்தப் பகல் தூக்கத்திலேயே போய்விட்டார். டீயோடு எழுப்பப் போன அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்போதும் அவள் கத்தவில்லை. மெதுவாக வந்து எங்களைக் கூப்பிட்டாள்.

நைனாவைக் கூடத்தில் கிடத்தினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அழுதுடும்மா, நெஞ்ச அடைச்சிக்கும்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கெஞ்சினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இவளும் போய்விடுவாளோ?

மறுநாள் காலை பொதட்டூர்பேட்டையிலிருந்து நைனாவின் அக்கா வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். அத்தையின் தொண்டை அப்படி. அவர் வாசலில் கால் வைத்ததும் அம்மா பதறி எழுந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா அண்ணி... அவுரு எழுந்துக்கப் போறாரு."

அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எழுந்துக்கட்டுமேடி! அதுக்குத்தான வழியெல்லாம் கத்திக்கினு வரேன்! நீயும் கத்து!"

அம்மா அத்தையையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய பித்தளை அண்டாவைத் தூக்கி வந்து, நைனாவின் தலைமாட்டில் தரையில் போட்டாள்.

தெருவே ஓடி வந்தது. அண்டா உருண்டு, புரண்டு, ஓய்ந்தது. அம்மா நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டிக்கே எழுந்து உட்காரும் மனிதர், அண்டாவுக்கு எழவில்லை. அப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

வங்கிப் பெண்ணிடம் இதையெல்லாமா சொல்ல முடியும்? "பழக்கம்மா" என்றேன்... மெதுவாகத்தான்.